கிளீனர் பக்கம் மெழுகு

பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி அன்றோடு ஐம்பத்தாறு நாட்கள் ஆகியிருந்தன. டேப்பை முதல் நாளே உரித்துவிட்டோம். ஆனாலும் அது ஓடிய இடம் எனக்குத் தெரியும். முன்பக்கச் சின்னத்தில் தொடங்கி வைப்பர் வரை ஒரு நேர்கோடு. கோட்டுக்கு இடதுபுறம் மெழுகு. வலதுபுறம் சீலன்ட். அப்பா இடம், வலம் என்று சொல்லமாட்டார். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு வலதுபுறம் டிரைவர் பக்கம், இடதுபுறம் கிளீனர் பக்கம். எங்கள் காருக்குக் கிளீனர் யாரும் இருந்ததில்லை. அந்த இருக்கையில் சின்ன வயதிலிருந்து நான்தான் உட்காருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஆராதனை எட்டு மணிக்கு. அப்பா கைலியும் பனியனுமாக வேப்பமரத்தடியில் காருக்கு முன்னால் நின்றிருந்தார். வலது கையில் ஒரு பாலிதீன் பையைக் கையுறை மாதிரி மாட்டியிருந்தார். பையோடு தடவினால் பெயின்டில் ஒட்டியிருக்கும் மணல், பிசின் எல்லாம் வெறுங்கையைவிட நன்றாகத் தெரியும்.

“ஏட்டி ஜெமி, நோட்ட எடுத்துட்டு வா. இன்னைக்கு முடிவு பண்ணிருவோம். மழை தொடங்கிட்டா பொறவு ஒண்ணும் போட முடியாது.”

நோட்டு ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது. ஏழாவது வாரத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தேன். அதை எழுதி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யாரும் இல்லை என்பது ஒரு காரணம். சொல்லவேண்டிய ஒரே ஆள் இப்போது எனக்கு முன்னால் நிற்கிறவர் என்பது இன்னொரு காரணம்.

இந்தச் சோதனை தொடங்கியது ராஜபாளையத்தில், சிவபாண்டி அண்ணன் கடையில். சீட் கவர், ஹாரன், மேட் எல்லாம் தொங்கும் நீளமான கடை. ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் வேலை முடிந்ததும் அப்பா அங்கே வரச் சொல்லியிருந்தார். காருக்கு ஒன்றரை வருடம் முன்னால் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். கருநீலம். வாடகைக் கார் எல்லாம் வெள்ளையாக இருக்கும்போது இது எதற்கு என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். வெள்ளையில் என்ன அழகு தெரியும் என்று அப்பா கேட்டார். கருநீலம் அழகுதான். ஆனால் ஒரு கீறல் விழுந்தாலும், தண்ணீர் காய்ந்து சுண்ணாம்புத் தடம் விழுந்தாலும் அதில் அப்படியே தெரியும்.

“அண்ணாச்சி, இது வாக்ஸ், இது சீலன்ட்,” என்று சிவபாண்டி அண்ணன் இரண்டு டப்பாக்களை மேசைமேல் வைத்தார். “வாக்ஸ் போட்டா கல்யாணப் பொண்ணு கணக்கா மினுங்கும். ரெண்டு மாசம். சீலன்ட் அம்புட்டு மினுங்காது. கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா ஆறு மாசம், எட்டு மாசம் நிக்கும்.”

“ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு என்னலே ஆவா?”

“பொறவு அது மாப்ள பாடு.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சீட் கவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா மெழுகு டப்பாவைத்தான் எடுப்பார் என்று தெரியும். ஒரு மில் முதலாளி வீட்டில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் மெழுகுதான் போட்டிருக்கிறார். மெல்லிய குரலில், “மெழுகு வெயில்ல இளகிரும்பா,” என்றேன். “மத்தியானம் பானெட் எழுபது டிகிரிக்குப் போயிரும். சீலன்ட்னா பாலிமர். பெயின்டோட பிடிச்சுக்கிடும்.”

“பாத்தியாலே, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி பேசுது,” என்றார் அப்பா. முகத்தில் பெருமை. ஆனால் கை மெழுகு டப்பாவிலேயே இருந்தது.

“சண்டை எதுக்கு? ரெண்டுலயும் சாம்பிள் டப்பா கெடக்கு. பானெட்டுல பாதி இது, பாதி அதுன்னு போட்டுப் பாருங்க. எது நிக்கோ அத வண்டி பூரா போடுங்க.” பிறகு சிவபாண்டி அண்ணன் வேறொரு வாடிக்கையாளரிடம் தெலுங்கில் பேசத் தொடங்கினார். நாங்கள் வெளியே வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும்போது அப்பா முன்னால் போன பஸ்ஸை முந்தவே இல்லை. அதன் பின்னாலேயே ஊர்வரைக்கும் வந்தார். எனக்கு அது நிதானமாகத் தெரிந்தது. “இந்த ரோட்டுல கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்ட்டி,” என்றார். எல்லா டிரைவர்களும் சொல்வதுதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து கழுவித் துடைத்து டேப் ஒட்டினோம். மெழுகை அப்பா போட்டார். விரலில் கொஞ்சம் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்து, வெள்ளையாகப் பூத்ததும் பழைய பருத்தித் துணியால் துடைத்தார். சீலன்டை நான் போட்டேன். ஒரு மணி நேரம் காய வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். அம்மா இறந்த இந்த மூன்று வருடங்களில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பேசியதெல்லாம் கார்தான். முன்னால் இருந்த கார், அதற்கு முன்னால் ஓட்டிய வேன், கான்சாபுரம் போகிற வழியில் நடுரோட்டில் நின்றுபோன ஒரு லாரி. வேறு எதைத் தொட்டாலும் பேச்சு அம்மாவிடம் போய் நிற்கும். கார் மட்டும்தான் அம்மா இல்லாத பேச்சு. அம்மாவுக்குக் காரில் ஏறினாலே வாந்தி வரும்.

நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டேன். தேதி, கிளீனர் பக்கம், டிரைவர் பக்கம் என்று மூன்று. நான்காவது அப்பாவே கேட்டது. “நான் சொல்லுததையும் எழுதணும். இல்லன்னா நீ ஒன் பக்கமே சாச்சிருவ.” எனவே நான்காவது கட்டத்தின் தலைப்பு: அப்பா சொன்னது.

சோதனை எளிதானது. ஞாயிறு காலையில், பானெட் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு பக்கத்துக்கு ஒரு கப் வீதம் தண்ணீர் ஊற்றுவேன். பாதுகாப்பு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், உருண்டு ஓடும். இல்லாவிட்டால் பரந்து படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

என் வேலையில் இதற்கு நேர்மாறு. ராஜபாளையத்தைத் தாண்டி சத்திரப்பட்டி போகிற வழியில் இருக்கும் ஒரு மருத்துவப் பஞ்சு ஆலையில் நான் லேபில் இருக்கிறேன். சிறிய கம்பிக்கூடையில் பஞ்சை வைத்துத் தண்ணீரில் போடுவேன். பத்து விநாடிக்குள் அது மூழ்கிவிட வேண்டும். மூழ்கினால் நல்ல பஞ்சு. ஒரு நாளைக்கு நாற்பது முறை ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டு பஞ்சு மூழ்குவதற்காகக் காத்திருப்பேன். அந்த அறையில் நான் ஒருத்திதான். மத்தியானம் பாக்கிங்கிலிருந்து மாரீஸ்வரி அக்கா சாம்பிள் கொண்டுவருவார்கள். “ஏட்டி, காலைல இருந்து பஞ்சுகூடத்தான் பேசிக்கிட்டு இருக்கியா? அது என்ன சொல்லுது?” என்பார்கள். நான் சிரிப்பேன். பதில் தோன்றுவதற்குள் அவர்கள் போயிருப்பார்கள். பதில் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது தோன்றும்.

முதல் நான்கு வாரமும் இரண்டு பக்கமும் முத்துதான். அப்பா, “நம்ம மெழுகுதான் பளபளன்னு இருக்கு,” என்றார். அது உண்மையாகவும் இருந்தது. மெழுகுப் பக்கம் நீலம் ஆழமாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. எழுதிக்கொண்டேன். ஐந்தாம் வாரம் கிளீனர் பக்கத்து முத்துகள் பெரிதாகி ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. ஆறாம் வாரம் தண்ணீர் அங்கே தட்டையாகக் கிடந்தது. அந்த வாரம் மைனா எச்சம் விழுந்து, மெழுகுப் பக்கத்தில் காசு அளவுக்கு மங்கலான ஒரு தடமும் ஆகிவிட்டது. அப்பா, “எம்புட்டு அழகா முத்து முத்தா நிக்கி பாரு,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தோற்க மனம் இல்லாமல் பேசுகிறார் என்று நினைத்தேன். அம்மாவோடு தாயம் விளையாடும்போதும் அவர் அப்படித்தான். நோட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு சிறிய ஆச்சரியக்குறியும் போட்டேன்.

ஏழாம் வாரம், நாற்பத்தொன்பதாம் நாள், டிரைவர் பக்கத்துக்கு ஊற்றி முடித்ததும் வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சீலன்ட் பக்கம் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன முத்துகள் வெயிலை வாங்கிக்கொண்டு நின்றன. மறுபக்கம் உலர்ந்திருந்தது. குழாயடிக்குப் போக வாளியைத் தூக்கினேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

“கிளீனர் பக்கத்தப் பாருட்டி. முத்து முத்தா நிக்கி. நான் சொன்னம்லா.”

வாளியோடு திரும்பினேன். அவர் குனிந்து அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளிகூட இல்லாத, தூசி படிந்த பாதியை. முகம் விளையாட்டாக இல்லை. ஊற்றிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். சத்தத்துக்குப் பிறகு முத்து இருக்கும் என்று அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஏழு வாரமாகப் பானெட்டைப் பார்க்கவில்லை. நான் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமாப்பா,” என்றேன்.

குழாயடியில் வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் நின்றேன். ஒரு அளவு தவறாக வந்தால் முதலில் அளந்தவரைச் சந்தேகிக்க வேண்டும், பிறகு கருவியை. நான் என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன். அவர் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பங்குனிக்குப் பிறகு அவர் இரவு சவாரிக்குப் போவதில்லை. தூக்கம் கெட்டுவிடுகிறது என்றார். போன் வந்தால் எடுத்துக் குரல் கேட்ட பிறகுதான் பெயரைச் சொல்கிறார். பேப்பரை என்னிடம் நீட்டி, “முக்கியமானத மட்டும் சொல்லு,” என்கிறார். அவருக்குச் சர்க்கரை ஏறி எட்டு வருடம் ஆகிறது. நான் இவற்றை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததை ஒரே கட்டத்தில் எழுதியதில்லை.

அன்றைக்கு ஆராதனைக்கு அவர்தான் ஓட்டினார். என் இருக்கையில் உட்கார்ந்தேன். முன்பு ரோட்டைப் பார்க்கவே மாட்டேன். கைப்பையைப் பார்த்துக்கொண்டு வருவேன். அன்று பார்த்தேன். வேகத்தடைகளுக்கு அவர் சரியாகக் குறைத்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது. கடைவீதி திரும்பும் இடத்தில் இடதுபுறம் ஒரு தள்ளுவண்டி, வெங்காய மூட்டையோடு.

“யப்பா, தள்ளுவண்டி.”

“பாத்துட்டேன்ட்டி.”

நான் சொன்ன பிறகுதான் அவர் கால் பிரேக்குக்குப் போனது. வண்டிக்காரர், “மெதுவா அண்ணாச்சி,” என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். அப்பாவும் கையைக் காட்டினார், சிறிது வேறு திசையில்.

ஜெபத்தில் நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. பெண்கள் வரிசையில் உட்கார்ந்து நடுவழிக்கு அப்பால் அப்பாவைப் பார்த்தேன். பாட்டுப்புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை எழுதினேன். பேனாவால் எழுத முடியவில்லை. பென்சிலால் எழுதினேன்.

பிறகு ஒரு வாரம் நான் கணக்கு மாதிரி இதைப் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கிளீனர் பக்கம் இருப்பேன். தள்ளுவண்டி, ஆடு, குழந்தை என்று சொல்லிக்கொண்டே வரலாம். அவர் ‘பாத்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே ஓட்டலாம். எங்கள் இருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் மற்ற ஆறு நாள் நான் பஞ்சு மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆறு நாளும் அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

சொல்லிவிட்டால் கார் நிற்கும். இந்த வீட்டில் கார் நின்றால் பேச்சு நிற்கும். எனக்குப் பயம் அதுதான். விபத்து பற்றிய பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். “எங்க மில்லுல கண் கேம்ப் போடுதாங்க. குடும்பத்துலயும் கூட்டிட்டு வரலாமாம். வாரியளாப்பா?”

“எனக்கு எதுக்கு? பருந்துக் கண்ணு. நீ போய்க் காட்டு, எந்நேரமும் போனு.” சொல்லிவிட்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். விரலை டம்ளருக்குள் விட்டு, தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அதே நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். வயிற்றில் ஒன்பது மாதம். அவள் வீட்டுக்காரர் விஜயபாண்டி திருப்பூரில் வேலை பார்க்கிறார்.

“மாமா, அடுத்த வியாழக்கெழம வந்து சேந்துரச் சொல்லிட்டாவ டாக்டரம்மா. எட்டு மணிக்குள்ள ராஜபாளையத்துல இருக்கணுமாம். அவிய சனிக்கெழமதான் வருவாவளாம். ஒங்க வண்டிதான்.”

“அதுக்கென்ன தாயி. ஏழு மணிக்கு வாசல்ல நிக்கும். வயித்துல உள்ளவனுக்கு ரோடுன்னே தெரியாது, அப்பிடிக் கொண்டுபோயி விடுதேன்.”

“உள்ளவன்னு முடிவே பண்ணிட்டியளா? உள்ளவளா இருந்தா?”

“அப்பம்னா அவளுக்கும் தெரியாது.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஜெமி, நீயும் கூட வாயேன். எங்கம்மா பயந்துக்கிட்டே வரும். நீ பேசாம இருந்தாலும் பக்கத்துல இருந்தா ஒரு இதா இருக்கும்.” எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது என்றேன். அப்படிச் சொன்னபோதே லீவு எடுக்கலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. வியாழக்கிழமை மட்டும் என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டால் போதும். பன்னிரண்டு கிலோமீட்டர். அரை மணி நேரம். சொல்லிக்கொண்டே வரலாம்.

புதன்கிழமை லேபில் லீவு லெட்டர் எழுதினேன். மாரீஸ்வரி அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். “மூணு வருசத்துல மொத லீவு. எதுக்குட்டி? மாப்ள வீட்டுல பாக்க வாராவளா?”

“இல்லக்கா. அப்பாகூட ஒரு இடத்துக்குப் போணும்.”

“அப்பாவுக்கு என்ன?”

ஒன்றுமில்லை என்றேன். ஸ்டாப்வாட்ச் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. கூடை எப்போதோ மூழ்கிவிட்டது. எத்தனை விநாடி என்று நான் பார்க்கவில்லை. அந்தச் சாம்பிள் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. செய்யும்போது யோசித்தேன். வியாழக்கிழமை நான் இருப்பேன். வெள்ளிக்கிழமை வேறொருவர் கூப்பிடுவார். சேத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி, சோழபுரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. அவர்களுடைய பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது. லெட்டரைக் கொடுக்கவில்லை. மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

ஆக, ஐம்பத்தாறாம் நாள். வியாழனுக்கு இன்னும் நான்கு நாள். வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் ஊற்றினேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும். டிரைவர் பக்கம் முத்துகள் நின்றன. கிளீனர் பக்கம் தண்ணீர் விரிந்து, ஓரத்துக்கு வந்து, தயங்கி, அப்படியே கிடந்தது. மைனா விட்ட தடம் தண்ணீருக்கு அடியில் தெரிந்தது.

அப்பா குனியவில்லை. பாலிதீன் மாட்டிய கையை முதலில் ஒரு பாதியிலும் பிறகு மறுபாதியிலும் மெதுவாக வைத்தார். தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. வெகு நேரம் தடவினார். மைனாத் தடத்தில் விரல் நின்றது. போய்த் திரும்பி வந்து மறுபடி அங்கே நின்றது.

“இதென்னட்டி இது?”

“மைனா எச்சம்ப்பா. ரெண்டு வாரமாச்சு.”

“ஓ. மெழுகுப் பக்கமா?” என்றார்.

“ஆமா.”

சுவருக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரி வீட்டு மிக்சி ஓடி நின்றது. அவர் கையை எடுக்காமலே சொன்னார்: “நோட்ட வாசி. மொத வாரத்துல இருந்து வாசி. நான் சொன்னதையும் சேத்து வாசி.”

“நீங்களே பாருங்கப்பா.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்க வரவில்லை. நோட்டு அவருக்கும் எனக்கும் நடுவில் சிறிது நேரம் நின்றது.

“கை ஈரமா இருக்குல்லா. நீ வாசி.”

வாசித்தேன். எனக்குச் சத்தமாக வாசிக்க வராது. கல்லூரியில் செமினார் நாளில் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் எழுதிவைத்ததை வாசிப்பது, பேசுவதைவிடச் சுலபம். அது என் குரல் மாதிரி இருக்காது. “முதல் வாரம். கிளீனர் பக்கம்: முத்து. டிரைவர் பக்கம்: முத்து. அப்பா சொன்னது: மெழுகு நல்லா இருக்கு.” இரண்டு, மூன்று, நான்கு. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். “ஐந்தாம் வாரம். கிளீனர் பக்கம்: துளிகள் சேர்கின்றன. அப்பா சொன்னது: முத்து முத்தாக நிற்கிறது.” தலை ஆட்டுவது நின்றது. “ஆறாம் வாரம். கிளீனர் பக்கம்: தண்ணீர் பரந்து கிடக்கிறது. எச்சத்தின் தடம். அப்பா சொன்னது: எவ்வளவு அழகாக முத்து முத்தாக நிற்கிறது பார்.” ஆச்சரியக்குறியை நான் வாசிக்கவில்லை.

மரத்திலிருந்து பழுத்த இலை ஒன்று பானெட்டில் விழுந்தது. டிரைவர் பக்கத்தில் விழுந்ததால் தண்ணீரோடு வழுக்கிக் கீழே போனது.

“ஏழாம் வாரம். டிரைவர் பக்கம்: முத்து. கிளீனர் பக்கம்...” நிறுத்தினேன்.

“சொல்லு.”

“கிளீனர் பக்கம்: தண்ணீர் ஊற்றவில்லை. அப்பா சொன்னது: முத்து முத்தாக நிற்கிறது.”

அவர் கையிலிருந்து பாலிதீன் பையை உரித்தார். அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு விரலாக வந்தது. பிறகு வெறும் உள்ளங்கையை, கோடு இருந்த இடத்தில், பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக வைத்தார். சரியாக நடுவில். அந்த இடம் அவருக்கும் தெரிந்திருந்தது.

“அதுக்குக் கீழ ஒண்ணும் எழுதலையா?”

“எழுதியிருக்கேன்.”

“வாசிட்டி.”

பென்சில் எழுத்து ஒரு வாரத்தில் சிறிது மங்கியிருந்தது. லீவு லெட்டர் நோட்டிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். என் முகத்துக்குக் கொஞ்சம் இடதுபுறமாக, என் காது இருக்கும் இடத்தை. தண்ணீர் பானெட்டின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பத்து வந்ததும் வாசித்தேன்.

“அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.”